இடது பக்கத்து மாடு

கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தேன். எடிசன் ஊரை விட்டுக் கிளம்பிச் சில மணி நேரம் ஆகியிருந்தது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, தொழுகை விரிப்பு, பரோட்டா திருப்புகிற என் சொந்தக் கரண்டி. கைகளில் காலையில் பிசைந்த மாவு காய்ந்துபோய், நடக்க நடக்க வெள்ளையாக உதிர்ந்துகொண்டிருந்தது.

யாரோடும் சண்டை இல்லை. ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு உணவகத்தின் சமையலறையில் பதினோரு மாதம் பரோட்டா போட்டேன். அன்று காலை மாவை உருட்டி, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடினேன். அந்தச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று திடீரென்று ஒரு சந்தேகம். பின்கதவைத் திறந்து பார்த்தேன். வெயில். கீழறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

ஹூஸ்டனில், ஹில்குரோஃப்ட் கடையில் அரிசி மூட்டை இறக்கிய கதையைப் போன வாரம் இங்கே எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், “எங்கேயாவது ஒரு இடத்தில் இருந்து தொலைக்கக் கூடாதா?” என்று கேட்டிருக்கிறார். என் அண்ணனும் இதைத்தான் கேட்பார். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து எனக்கு கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்தவர் அவர். அவருக்கே எனக்குச் சொல்லத் தெரியாத பதிலை உங்களுக்கு மட்டும் எப்படிச் சொல்வேன்?

நகராத தண்ணீர்

ரயிலில் போயிருக்கலாம். எடிசனில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பிரின்ஸ்டன் ஜங்ஷன். ஆனால் ரயிலில் ஏறுகிறவனுக்கு எங்கே இறங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. நடக்கிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அந்தக் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு காய்ந்த இலையைப் போட்டுவிட்டுக் கூடவே நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் இலை எனக்குப் பின்னால் கிடந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன், கூடவே வந்திருப்பதுபோல் இருந்தது. வேறு இலையாகவும் இருக்கலாம்.

விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்தன. பக்கத்தில் போனதும் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் விழுந்தன. அவசரமே இல்லை. முதல் ஆமை விழுந்த வளையம் கரையைத் தொட்ட பிறகுதான் அடுத்தது விழுந்தது. மரங்களில் இன்னும் இலை வரவில்லை. நுனிகளில் சிவப்பாக ஒரு புகை மட்டும் இருந்தது.

மதியம் கால்வாய்த் தண்ணீரில் கைகால் கழுவித் தொழுதேன். அப்போதுதான் விரல்களில் இருந்த கடைசி மாவும் போனது. பிறகு நடந்ததில் பாதி நினைவில்லை. ஒரு மைல் தூங்கியபடியே நடந்திருப்பேன். எங்கோ குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது, திரும்பினால் சைக்கிள். மாட்டுச் சாணி மணம் அடித்தது. இதுவும் தூக்கத்தில்தான் என்று நினைத்தேன். ஆனால் அந்த மணம் போகவில்லை. கரையை விட்டு இறங்கி அதன் பின்னால் போனேன்.

முக்கோணத் தொப்பிக்காரர்

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. புல்வெளியின் மேல் முழங்கால் உயரத்துக்குப் பனிமூட்டம் பரவியிருந்தது. மரவேலி. வேலியில் சாய்ந்து ஒருவர் நின்றார். தலையில் மூன்று முனை வைத்த கறுப்புத் தொப்பி, முழங்கால்வரை நீண்ட கோட்டு, பித்தளைப் பொத்தான்கள், வெள்ளைக் காலுறை, மணிக்கட்டில் சரிகைபோல் ஏதோ தொங்குகிறது. இருநூறு, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஆள்.

பசி மயக்கம் என்று முடிவு செய்துகொண்டேன். அப்போது அவர் காதில் போனை வைத்துக்கொண்டு பேசினார்.

“இல்லம்மா, நீ ரைட் லேன்ல இருந்திருக்கணும். எக்ஸிட்ட மிஸ் பண்ணிட்டியா? பரவால்ல, அடுத்ததுல யூ-டர்ன் பண்ணிக்கோ. மெதுவா வா. நான் மாட்டுகிட்டதான் இருக்கேன்.”

“தம்பி, தமிழா?” என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே பாதி வழுக்கை. “ஆமாங்க! நீங்க எங்கேர்ந்து?”

“எடிசன்.”

“கார் எங்க பார்க் பண்ணியிருக்கீங்க?”

“நடந்து வந்தேன்.”

அவர் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தொழுகை விரிப்பைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது. பெயர் சுந்தர். மாம்பலத்துக்காரர், இப்போது வெஸ்ட் வின்ட்சர்.

அந்த நிலம், அமெரிக்கா ஒரு நாடாவதற்கு முன்பிருந்தே, ஒரு வணிகனுடையது. கோதுமை விளைவித்து மாவாக்கிக் கரும்புத் தீவுகளுக்குக் கப்பலில் அனுப்பி, சர்க்கரையும் சாராயமும் கொண்டுவந்தவன். இப்போது ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே என்னென்ன வேலை நடந்ததோ, அதையெல்லாம் அதே மாதிரி செய்து காட்டுகிறார்கள். மாடு பூட்டி உழுகிறார்கள், கையால் அறுக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் ஜனம் வந்து பார்க்கிறது.

“வீக்டேஸ்ல டேட்டாபேஸ், வீக்கெண்ட்ல மெர்ச்சன்ட்” என்றார் சுந்தர். “வாலன்டியர் கேட்டாங்க, அப்ளை பண்ணேன். ஒரிஜினல் ஆளு வெள்ளக்காரன், நான் மாம்பலம். ஒருத்தரும் கண்டுக்கல பாய்.”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே?”

அவர் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். “லீவு போட்டுட்டு வந்தேன். இவனுக்கு இன்னிக்கு கடைசி நாள்.”

இரண்டு செவலைகள்

பனிக்குள் இரண்டு மாடுகள் படுத்திருந்தன. இரண்டும் செவலை. கொம்பு நுனிகளில் பித்தளைக் குமிழ்கள். எங்களுக்கு முதுகைக் காட்டிக் கொட்டகையைப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தன. அத்தனை பெரிய புல்வெளியில், தோளோடு தோள் உரசிக்கொண்டு. இடது பக்கம் இருந்ததற்குக் கொம்பு லேசாக உடைந்திருந்தது. அதுதான் வயதானது, பெயர் பிரைட். வலது பக்கத்து இளசு லயன்.

பிரைட் மூன்று வாரமாக வேலை செய்யவில்லை என்றார் சுந்தர். நுகத்தடியைப் பூட்டினால் தலையைத் தொங்கப்போட்டு நின்றுவிடுகிறதாம். அடிப்பதற்கு அங்கே அனுமதி இல்லை. மருத்துவர் வந்து பார்த்து, உடம்பில் ஒன்றுமில்லை, வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். பழைய ஏரோட்டி வால்ட் என்பவர். இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு மாதமாக வீட்டில் படுத்திருக்கிறார். போனில் கேட்டால், “பக்கம் மாறாமல் பூட்டுங்கள்” என்றாராம். பக்கமெல்லாம் சரியாகத்தான் பூட்டுகிறோம், சார்ட்டே இருக்கிறது என்று இவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

“நாளைக்குக் காலைல டிரெய்லர் வருது.”

“எங்க கொண்டுபோவாங்க?”

சுந்தர் குரலைத் தாழ்த்தினார், மாட்டுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. “ஹாம்பர்கர்தான் பாய். வேறென்ன?” கொஞ்சம் பொறுத்து, “உங்களுக்கென்ன, நீங்க பீஃப் சாப்பிடுவீங்கல்ல?” என்றார்.

“சாப்பிடுவேன். வேலை செஞ்ச மாட்டைச் சாப்பிட மாட்டேன். அது வேற, இது வேற.”

“எல்லாம் ஒண்ணுதான்னு எங்கம்மா சொல்லும்.”

“உங்கம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். ஏர்ல பூட்டினவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.”

அவர் சிரித்தார். காரின் விளக்கு வெளிச்சம் மரங்களுக்கிடையே வந்தது, அவர் மனைவி. சுந்தர் தன் மதியச் சாப்பாட்டில் மிச்சமிருந்த எலுமிச்சைச் சாத டப்பாவை என் கையில் வைத்தார். வைக்கோல் கொட்டகையைத் தொப்பியால் காட்டினார்.

“நான் ஒண்ணும் பாக்கல பாய். நீங்க இங்க இல்ல. ஓகேவா?”

பஸ்ஸுக்கு முன்னால் படுத்தது

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தை ஏழாவதோடு முடித்துக்கொண்ட பிறகு பல வேலை பார்த்தேன். அதில் ஒன்று உப்பளத்திலிருந்து லாரி நிற்கிற இடம்வரை மாட்டுவண்டியில் உப்பு கொண்டுபோவது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

ஜோடி மாடுகளில் இடது பக்கத்தது ‘இடத்தை’, வலது பக்கத்தது ‘வலத்தை’. இடப்பக்கம் பழகியதை வலப்பக்கம் பூட்டக் கூடாது. ஒரு நாள் காய்ச்சலோடு எழுந்து, அரைக்கண்ணில் மாற்றிப் பூட்டிவிட்டேன். ரோட்டுக்கு வந்ததும் இடத்தை மாடு ஒரு யோசனை யோசித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பின்னால் ஒரு பஸ். டிரைவர் ஹாரன் அடித்தார், கண்டக்டர் இறங்கி வந்து திட்டினார், பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியே யோசனை சொன்னார்கள். வாலைக் கடி என்றார் ஒருவர். மூக்கில் வெங்காயம் பிழி என்றார் இன்னொருவர்.

கடைசியில் காய்கறிக் கூடையோடு வந்த ஒரு அம்மாள் இறங்கிவந்து மாட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “கட்டில்ல உன் எடத்துல வேற ஆளு படுத்தா நீ தூங்குவியாடா?” என்று கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. மாற்றிப் பூட்டினேன். மாடு எழுந்து போய்விட்டது.

அதற்குப் பிறகு சவூதியில் ஆடு மேய்த்தேன், சான் ஹோசேயில் பாத்திரம் கழுவினேன், ஹூஸ்டனில் மூட்டை தூக்கினேன். அந்த மாடு நினைவுக்கு வந்ததே இல்லை. அன்று வைக்கோலில் படுத்தபோதும் வரவில்லை. வந்திருந்தால் அப்போதே எழுந்து உட்கார்ந்திருப்பேன். உள்ளே இளஞ்சூடு, வைக்கோலில் காய்ந்த பூ மணம். கண்ணை மூடினால் ஆமைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எத்தனை விழுந்தது என்று தெரிவதற்குள் விடிந்துவிட்டது.

மூக்கணாங்கயிறு இல்லாத மாடு

காலையில் சுந்தர்தான் எழுப்பினார், அதே கோட்டில். “மேனேஜர் வந்துட்டாங்க. நீங்க என் ஃப்ரெண்டு, மாடு தெரிஞ்சவருன்னு சொல்லியிருக்கேன். சமாளிங்க.”

மேனேஜர் பெயர் ரூத். அறுபது வயதிருக்கும் கறுப்பினப் பெண்மணி. சேறு படிந்த பூட்ஸ். குறைவாகப் பேசுகிறவர். வாசலில் டிரெய்லர் வந்து நின்றுவிட்டது. அதன் டிரைவர் காகிதக் கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். போகுமுன் கடைசியாக ஒரு தடவை பூட்டிப் பார்க்கட்டும் என்று சுந்தர் கெஞ்சியிருக்கிறார். ரூத் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

பூட்டினார்கள். பிரைட் தலையைத் தொங்கப்போட்டது. நான் நேராகக் கலப்பைக்குப் பின்னால் போனேன். எங்கள் பக்கம் ஆள் நிற்கிற இடம் அதுதான். கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டினேன். கயிறு இல்லை. முன்னால் போய்ப் பார்த்தேன். மூக்கில் துளையே இல்லை! நாக்கைச் சொடுக்கினேன். “ஹை, ஹை” என்றேன். வாலைத் தொட்டேன். லயன் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. டிரெய்லர் டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“பாய், இங்க எல்லாம் வாய்ஸ் கமாண்டு” என்றார் சுந்தர், கூச்சத்தோடு. “ஓட்டுற ஆளு இடது பக்கத்துல, மாட்டுத் தோள்கிட்ட நிக்கணும். கயிறே கிடையாது.”

அவர்கள் முறைப்படி ரூத் போய் இடது பக்கம் நின்றார். அவர் பக்கத்தில் லயன், அதற்கு அப்பால் பிரைட். ரூத் நட என்றார். பிரைட் நடக்கவில்லை. கழுத்தை மட்டும் திருப்பி, லயனின் முதுகுக்கு மேலாக எட்டி ரூத்தைப் பார்த்தது. நுகத்தடி தடுத்தது. மறுபடி எட்டிப் பார்த்தது.

அது சண்டித்தனம் இல்லை. ஆளைத் தேடுகிறது.

முந்தின நாள் பனியில் படுத்திருந்த இரண்டு முதுகுகளும் அப்போதுதான் கண்ணுக்குள் வந்தன. உடைந்த கொம்பு இடது பக்கம். யாரும் சொல்லாமல், யாரும் பூட்டாமல், தானாகவே.

“தம்பி, அந்த சார்ட்டைக் காட்டுங்க.”

கொட்டகைச் சுவரில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தார்கள். இரண்டு மாடுகளின் படம், கீழே எழுத்துகள். படத்தில் இடப்பக்கம் நின்ற லயனுக்குக் கீழே இடது என்றும், வலப்பக்கம் நின்ற பிரைட்டுக்குக் கீழே வலது என்றும் போட்டிருந்தது.

“நீங்க செஞ்சதா?”

“ஆமா. வால்ட் ஹாஸ்பிடல் போறதுக்கு முன்னாடி கரெக்டா பூட்டி நிறுத்தினாரு. நான் ஃபோட்டோ எடுத்து லேபிள் பண்ணேன்.” பெருமையாகவே சொன்னார்.

“எங்க நின்னு எடுத்தீங்க?”

“முன்னாடி நின்னு. மூஞ்சி தெரியணும்ல?”

“மூஞ்சி நல்லாத் தெரியுது. நீங்க இப்ப ஏருக்குப் பின்னால போய் நின்னு பாருங்க. படத்துல இடது பக்கம் இருக்கிற மாடு எந்தப் பக்கம் வரும்?”

அவர் படத்தைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார். அப்படியே உடம்பைத் திருப்பி நின்று மறுபடியும் கைகளைப் பார்த்தார்.

“ஐயையோ.”

“மெதுவா. அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஒரு தடவை மாத்திப் பூட்டிப் பாப்போம்னு மட்டும் சொல்லுங்க. போதும்.”

சுந்தர் தொப்பியைக் கழற்றினார். “இல்ல பாய். அப்பிடி சொல்லக் கூடாது.” உறையோடு சார்ட்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டு ரூத்திடம் போனார். அவர் வேகமாகப் பேசிய ஆங்கிலத்தில் எனக்குப் புரிந்தது ‘மை மிஸ்டேக்’ மட்டும். அதை மூன்று தடவை சொன்னார். ரூத் சார்ட்டை வாங்கி, ஒரு தடவை நேராகவும் ஒரு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பின்புறமாகவும் பார்த்தார். நேராக நுகத்தடியைக் கழற்றப் போனார்.

மாற்றிப் பூட்டினோம். பிரைட் தானாகவே தலையைக் குனிந்து நுகத்தடிக்குள் கழுத்தைக் கொடுத்தது. ரூத் அதன் தோளருகே நின்றார். அது அவரை ஒரு தடவை மோந்து பார்த்தது. அவர் நட என்று சொன்னாரா, சொல்ல வாய் திறந்தாரா தெரியவில்லை. கலப்பை மண்ணுக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. பழைய துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம்.

சுந்தர் மணிக்கட்டில் தொங்கிய சரிகைத் துணியால் கண்ணைத் துடைத்தார். “என் சார்ட் இவன கொன்னிருக்கும் பாய்.”

“கொல்லலியே. நடக்குது, பாருங்க.”

டிரெய்லர் டிரைவர் மிச்சக் காபியைப் புல்லில் ஊற்றினார். வெறும் டிரெய்லர் பள்ளங்களில் தடதடவென்று குதித்துக்கொண்டு போனது.

அவர்கள் விட்ட இடம்

மாடுகள் இளைப்பாறியபோது ரூத் என்னிடம் வந்தார். சுந்தர் நடுவில் நின்று தமிழாக்கினார். ஏரோட்டுவது வால்ட்டின் வேலை, அவர் வரும்வரை தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு வருத்தமில்லை. கயிறு இல்லாமல் எனக்கு ஓட்டத் தெரியாது. வேறு வேலை ஒன்று இருக்கிறது, செய்வீர்களா என்று கேட்டார். குளிர்காலம் முடிந்து உழுதால் மண்ணுக்குள் இருந்து கல் கிளம்பும். ஒவ்வொரு வருஷமும் கிளம்பும். பொறுக்க வேண்டும். தங்குவதற்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. அதற்கு ஜன்னல் உண்டா என்று கேட்டேன். சுந்தர் குழம்பிப்போய் மொழிபெயர்த்தார். இரண்டு உண்டு என்றார் ரூத்.

“எனக்கும் வேஷம் உண்டா?”

சுந்தர் தயங்கினார். “அந்தக் காலத்துல இங்க வேல செஞ்சவங்க ஸ்லேவ்ஸ், அடிமைங்க பாய்.” பிறகு ரூத்தைக் கேட்டார்.

ரூத் மறுப்பாகத் தலையசைத்தார். வணிகனை யார் வேண்டுமானாலும் நடிக்கலாம், அந்த மனிதர்களை நடிக்கத் தான் யாரையும் விடுவதில்லை என்றார். அவர்கள் செய்த வேலையை மட்டும் செய்தால் போதும், சொந்தச் சட்டையில். பிறகு வயலின் ஓரத்தைக் காட்டினார். இடுப்பளவு உயரத்தில் ஒரு கற்சுவர், பாசி பிடித்து, மரங்களுக்குள் போய் மறைந்தது. அது முழுவதும் அவர்கள் இந்த வயலில் பொறுக்கிய கல் என்றார். வணிகன் எழுதி வைத்த குறிப்புகளில் அவர்களுக்கு ஒற்றைப் பெயர்கள்தான் இருக்கின்றனவாம். சிலருக்கு அதுவும் இல்லை.

கலப்பையைக் கழற்றி, சக்கரமில்லாத ஒரு பலகையை மாடுகளுக்குப் பின்னால் பூட்டினார்கள். கல் ஏற்றுவதற்கு. நான் பையை வேலியில் மாட்டிவிட்டு, புது உழவுக்குள் இறங்கினேன். மண் செருப்பைப் பிடித்துக்கொண்டது. கழற்றிவிட்டேன். முதல் கல் பரோட்டா மாவு உருண்டை அளவுக்கு இருந்தது, ஆனால் ஐஸ் போல் குளிர்ந்தது. பலகையில் போட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பிரைட், யாரும் சொல்லாமலே, நான்கு அடி முன்னால் போய் அடுத்த கல்லுக்காக நின்றது.

பலகை நிறைந்ததும், எங்கே கொட்டுவது என்று கேட்டேன். ரூத் சுவரின் கடைசிவரை கூட்டிக்கொண்டு போனார். அங்கே அது படிப்படியாகத் தாழ்ந்து, முழங்கால் உயரமாகி, கணுக்கால் உயரமாகி, புல்லுக்குள் ஒற்றைக் கல்லாக முடிந்திருந்தது.

அதற்கு அடுத்ததாக வைத்தேன்.